கனிஷாய் எஜேயின் பேசாத கம்ப்யூட்டர்

கனிஷாய் எஜேக்கு ஆறு வயதில் அம்மை கண்டது. எஜே என்றால் எங்கள் கிர்கிஸ் மொழியில் அக்கா. அந்த வருஷம் அவர் ஊரான கொச்கோரில் பனி கொட்டி மலைப்பாதை அடைத்துக்கொண்டது. டாக்டர் வந்து சேர்ந்தபோது காய்ச்சல் இறங்கியிருந்தது, பார்வையும் போயிருந்தது. இதை அவர் ஒருநாளும் வருத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. "நான் கடைசியா பாத்தது எங்க பழுப்புக் குதிரையோட பின்பக்கம். இதுக்கு மேல பாக்க என்ன இருக்குன்னு கண்ணு நெனச்சிருக்கும்," என்பார்.

விடுதிப் பள்ளியில் படித்தார். பதினெட்டு வயதில் தலைநகரத்துக்கு வந்து, பார்வையற்றோர் தொழிற்சாலையில் மின்பிளக் பூட்டும் வேலையில் சேர்ந்தார். ஒரு நாளைக்கு எழுநூறு பிளக். அங்கேதான் ஜோல்தோஷ் பைகேயைச் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டார். பைகே என்றால் அண்ணன். ஜோல்தோஷ் பைகேவுக்கும் பார்வை கிடையாது. சோவியத் நாடு உடைந்த பிறகு தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஜோல்தோஷ் பைகே மசாஜ் வேலைக்குப் போனார். எஜே எங்கள் நூலகத்துக்கு வந்தார். பிஷ்கெக்கில் பார்வையற்றோருக்கென்று இருக்கும் நூலகம் அது. பிரெயில் என்கிற புள்ளி எழுத்துப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது அவர் வேலை.

நான் சத்தார். அதே நூலகத்தில் ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து புத்தகங்களை வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்கிறவன். எனக்குப் பார்வை உண்டு. எஜேயைவிட நாலு வயது சின்னவன். அவர் மேஜைக்கும் என் அறைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான்.

தொண்ணூற்றொன்பதில் எர்மெக் என்று ஒரு என்ஜினியர் எங்களிடம் வந்தார். யாரோ தானமாகக் கொடுத்த கம்ப்யூட்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் விண்டோஸ் 98. பார்வையில்லாதவர்களுக்குத் திரையில் இருப்பதைப் படித்துக்காட்டும் நிரல்கள் அப்போது ருஷ்ய மொழியில் இருந்தன, கிர்கிஸ் மொழியில் இல்லை. எர்மெக் அதைத் தானே எழுதுவதாகச் சொன்னார். எழுதியும் காட்டினார். அதற்கு ஒரு குரல் வேண்டுமென்று நாலு நாள் என்னைப் பதிவு அறையில் அடைத்துவைத்து, "பா, பே, போ, பூ" என்று ஆயிரத்துச் சொச்சம் அசைகளைச் சொல்லவைத்தார். அவற்றை வெட்டி ஒட்டி வார்த்தையாக்கினார். கேட்டால் நான் மூக்கடைப்போடு மிலிட்டரியில் அறிக்கை படிப்பதுபோல இருக்கும். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக விழும்.

அதற்குப் பிறகு எஜே நாள் முழுக்க என் குரலோடுதான் வேலை செய்தார். சுவருக்கு அந்தப் பக்கம் நான் பேசிக்கொண்டிருப்பேன், இந்தப் பக்கமும் நான் பேசிக்கொண்டிருப்பேன்.

"எஜே, எந்த சத்தாரை உங்களுக்குப் பிடிக்கும்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இந்தப் பெட்டிக்குள்ள இருக்கறவனைத்தான். நிறுத்துன்னா நிறுத்துறான். குறுக்க பேசறதில்ல."

எர்மெக் 2006-இல் மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய நிரல் அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் இருந்தது. புதிய கம்ப்யூட்டர் எதிலும் அது ஏறவில்லை. யாரும் பெரிதாகக் கவலைப்படவும் இல்லை, அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறதே என்று.

2011 மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கம்ப்யூட்டரிலிருந்து கருகின வாடை வந்தது. உலான் வந்து திறந்து பார்த்தார். நாற்பது வயதுக்காரர், கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர். எங்களோடு இன்னும் நாலைந்து அலுவலகங்களையும் ஒற்றை ஆளாகக் கவனித்துக்கொண்டிருந்தார். மூடியைக் கழற்றியவர் உச்சுக்கொட்டினார்.

"எஜே, இது போயிடுச்சு. இதுக்குப் பாகம் எங்கயும் கிடைக்காது. பக்கத்துல புதுசு இருக்கே, அதுல வேலை பாருங்க. அதுல ருஷ்யக் குரல் இருக்கு."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்த ருஷ்யப் பெண்குரலுக்கு எங்கள் எழுத்து மூன்று தெரியாது. அந்த எழுத்து வந்தால் அப்படியே தாண்டிவிடும். தட்டச்சு செய்கிறவர்களும் சோம்பலில் அந்த எழுத்துகளுக்குப் பதில் ருஷ்ய எழுத்தைப் போட்டுவிடுவார்கள். எங்கள் மொழியில் 'ஊன்' என்றால் மாவு. அதையே உதட்டைக் குவித்து, நாக்கை முன்னே தள்ளிச் சொன்னால் குரல். ஓர் எழுத்து மாறினால் பாடகிக்கு நல்ல மாவு இருந்தது என்று ஆகிவிடும்.

அப்போது எஜேயின் கையில் இருந்தது மூன்றாம் வகுப்புத் தாய்மொழிப் பாடநூல். பார்வையில்லாத பிள்ளைகளுக்கு அந்த வகுப்புக்குக் கடைசியாகப் புத்தகம் அச்சானது சோவியத் காலத்தில். பள்ளியில் மூன்று பிள்ளைகள் ஒரு புத்தகத்தைத் தடவிக்கொண்டிருந்தார்கள், புள்ளிகள் தேய்ந்து பாதி எழுத்து காணாமல் போயிருந்தது. புதுப் புத்தகம் ஜூலை முடிவதற்குள் அச்சுக்குப் போனால் செப்டம்பரில் பிள்ளைகள் கையில் இருக்கும். இருநூற்றுப் பத்துப் பக்கம். யாரோ அவசரத்தில் தட்டச்சு செய்து கொடுத்தது, பக்கத்துக்குப் பதினைந்து, இருபது பிழை. புள்ளி அச்சில் எடுத்து விரலால் தடவித் திருத்த அவ்வளவு காகிதம் எங்களிடம் இல்லை.

"நான் படிச்சுக் காட்டறேன் எஜே," என்றேன். இரண்டு நாள் படித்தும் காட்டினேன். மூன்றாம் நாள் அவர் என்னை நிறுத்தினார்.

"சத்தார், இந்தப் பக்கத்துல எத்தனை பிழை?"

"நாலு."

"பொய். உன் வாய் தானா திருத்திப் படிக்குது. எழுதியிருக்கறதைப் படிக்கல, எழுதியிருக்க வேண்டியதைப் படிக்கற. எனக்கு அந்த முட்டாள் சத்தார்தான் வேணும்."

பக்கத்தைத் திரும்பப் பார்த்தேன். அதில் பதினேழு பிழை இருந்தது.

எஜே உலானைத் தொலைபேசியில் பிடித்தார். தினமும் பிடித்தார். ஐந்தாம் நாள் உலான் வந்து, "டிஸ்க்கு உயிரோட இருக்கு எஜே. ஒரு வழி இருக்கு," என்றார். புதிய கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பழைய கம்ப்யூட்டர் இருப்பதுபோலப் பாவனை செய்யும் நிரல் ஒன்று உண்டாம். வர்ச்சுவல் மெஷின் என்றார். பழைய டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் அப்படியே நகலெடுத்து அதற்குள் போட்டார். திரையில் ஒரு சின்ன ஜன்னல் திறந்தது. அதற்குள் விண்டோஸ் 98 எழுந்து உட்கார்ந்தது. எஜே தன் கோப்புகளை வைத்திருந்த இடம்கூட அப்படியே இருந்தது.

ஆனால் சத்தமில்லை.

காரணத்தை உலான் சொல்லி நான் புரிந்துகொண்டது இதுதான். செத்துப்போன பெட்டியில் ஒரு சவுண்ட் கார்டு இருந்தது. பாவனைக் கம்ப்யூட்டரில் இருப்பது வேறொரு சவுண்ட் கார்டு, அதுவும் பாவனை. அதோடு பேச விண்டோஸ் 98-க்கு அதற்கேற்ற டிரைவர் என்ற சின்ன நிரல் வேண்டும். புது டிரைவர்கள் இவ்வளவு பழைய விண்டோஸைச் சீண்ட மாட்டா. பழைய டிரைவர்களை வைத்திருந்த இணையத்தளங்கள் பாதி மூடிவிட்டன. மீதியில் கிடைத்ததெல்லாம் அரைகுறை.

இரண்டு வாரம் இதுதான் எங்கள் பிழைப்பு. உலான் தேடி எடுத்துத் தருவார், நான் திரையைப் பார்த்துச் சொல்வேன், எஜே விசையைத் தட்டுவார். விசைகளை வேறு யாரையும் தொடவிட மாட்டார். ஒரு டிரைவர் 'உங்கள் விண்டோஸ் பழையது' என்று சொல்லி வெளியே போனது. ஒன்று எல்லாவற்றையும் ஒழுங்காக முடித்து, மறுபடி தொடங்கும்போது மொத்தத்தையும் உறையவைத்தது. ஒன்று மட்டும் வேலை செய்தது, அரை நிமிஷம். என் குரல் வந்தது, ஆனால் ஒவ்வோர் அசையும் மூன்று தடவை திக்கி இழுத்து, பிறகு ஒரே இரைச்சல்.

எஜே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சத்தார் கல்யாண வீட்டுல குடிச்சுட்டு நேரா வந்துட்டான்."

வீட்டில் ஜோல்தோஷ் பைகே பொறாமைப்பட்டாராம். "அந்தப் பெட்டி பேசலேன்னு இப்படித் தவிக்கறியே, நான் ரெண்டு நாள் பேசாம இருந்தா கண்டுக்குவியா?"

"நீ ரெண்டு நாள் பேசாம இருந்து காட்டு, அப்புறம் சொல்றேன்," என்று இவர் சொன்னதாக மறுநாள் எங்களிடம் சொன்னார்.

உலான் இணையத்தில் ஒரு ருஷ்ய மன்றத்தில் கேள்வியை எழுதிப் போட்டிருந்தார். ருஷ்யாவின் சிடா நகரத்திலிருந்து யாரோ ஒருவர் பதில் எழுதினார். எந்தப் பதிப்பு வேண்டும் என்பதை எண்ணோடு சொன்னார். அதற்கு முந்தினதும் ஆகாது, பிந்தினதும் ஆகாது. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒருவகை மதர்போர்டோடு சேர்த்துக் கொடுத்த சிடியில் அது இருக்கும், சிடியின் மேல் பச்சை வட்டமும் வெள்ளை மின்னல் கோடும் போட்டிருக்கும். 'என்னிடம் இருந்தது, வீடு மாற்றும்போது மனைவி எறிந்துவிட்டாள்' என்று முடித்திருந்தார்.

பிஷ்கெக்கில் உள்ள ஓஷ் பஜாரின் பின்வரிசையில் பழைய குழாய், சார்ஜர், ரிமோட் எல்லாம் விரித்து விற்பார்கள். நானும் எஜேயும் அங்கே போனோம். பழைய சிடி விற்கிறவர் காலிப் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினார்.

"போன மாசம் கான்ட்டுல இருந்து ஒரு ருஷ்யக்கார அம்மா வந்து மொத்தத்தையும் வாரிட்டுப் போயிட்டாங்க. செர்ரி மரத்துல கட்டறதுக்கு. பளபளன்னு ஆடினா பறவை வராதாம்."

"அதுல பச்சை வட்டம் போட்டது இருந்துச்சா?" என்று எஜே கேட்டார்.

"எஜே, நான் எடை போட்டு விக்கறவன். படம் பாத்து விக்கறதில்ல."

அந்த அம்மாவின் பெயர் கிளாவா என்பதும், வீடு கான்ட்டில் சர்க்கரை ஆலைக்குப் பக்கத்துத் தெரு என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. நான் திரும்பிவிடலாம் என்றேன். மரத்தில் தொங்குகிற சிடியை நம்பி ஊர்விட்டு ஊர் போவதா? எஜே ஏற்கெனவே மினிபஸ் நிறுத்தம் இருக்கும் திசையில் கோலைத் தட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தார்.

கிளாவா அம்மா கதவைத் திறந்து, நாங்கள் சொன்னதை முழுக்கக் கேட்டு, கொஞ்ச நேரம் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "காக்காயைத் துரத்த வெச்சதுக்கு மனுஷங்க வந்து நிக்கறீங்க," என்றார். பிறகு ஏணியைக் காட்டினார். "வந்தது வந்துட்ட, ஏறும்போது பழத்தையும் பறிச்சுட்டு எறங்கு. எனக்கு முட்டி வலி."

ஐந்து மரம். செர்ரி பழுத்துக் கருத்திருந்தது. நான் ஏணியில் நின்று ஒரு கையால் பழம் பறித்து வாளியில் போட்டேன், இன்னொரு கையால் சிடிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எஜே கீழே மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று கிளாவா அம்மா ஊட்டாத குறையாகக் கொடுத்த பழத்தைத் தின்றுகொண்டிருந்தார்.

"என்ன போட்டிருக்கு?"

"ஆங்கிலம் கத்துக்கங்க."

"அடுத்தது?"

"டிராக்டர் விளையாட்டு."

"அடுத்தது?"

"யாரோட கல்யாண வீடியோவோ, எஜே."

"பாவம். அடுத்தது?"

நாலாவது மரத்தில் பச்சை வட்டம் கிடைத்தது. வெயிலில் மேல்பூச்சு உரிந்து, ஓரத்தில் கம்பி கட்டின இடத்தில் விரிசல். அதே மரத்தில் இன்னொன்று, அதில் பறவை எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தது, அதைத் தவிரக் குறையில்லை. எஜே அதை வாங்கி, முந்தானைபோல் தொங்கிய தலைக்குட்டையின் நுனியில் எச்சில் தொட்டுத் துடைத்து, கைப்பைக்குள் ரொட்டிக்கு நடுவில் வைத்துக்கொண்டார். கிளாவா அம்மா எங்களுக்கு அரை வாளி செர்ரியும் கொடுத்து அனுப்பினார்.

மறுநாள் காலை உலான் சிடியைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து உள்ளே தள்ளினார். அது நீண்ட நேரம் உறுமியது. முதல் தடவை படிக்கவில்லை. மூன்றாவது தடவை படித்தது. வேண்டிய பதிப்பு அதே எண்ணோடு அதில் இருந்தது. உலான் அதை முழுக்க நகலெடுத்து, பாவனைக் கம்ப்யூட்டரின் பாவனை சிடி பெட்டியில் செருகினார். பழைய டிரைவர்களையெல்லாம் துடைத்தார்.

அடுத்து நேராகச் சவுண்ட் டிரைவரைப் போட்டிருக்கலாம். ஆனால் அவருக்கு அந்தச் சின்ன ஜன்னலும் பதினாறு நிறமும் உறுத்திக்கொண்டிருந்தன. "சத்தார் பைகே பாக்கறதுக்கும் வசதியா இருக்கட்டும், பெரிய திரைக்கு ஒரு டிரைவர் போட்டுடறேன்," என்று சொல்லிப் போட்டார். மறுபடி தொடங்கினார். ஜன்னல் கறுத்துப்போயிற்று. ஒரு எழுத்து, ஒரு கோடு, ஒன்றும் இல்லை.

உலான் அதையும் இதையும் தட்டினார். கழுத்தைத் தடவினார். "திரை டிரைவர் ஒத்துக்கல. உள்ள என்ன நடக்குதுன்னே தெரியல. எஜே, மன்னிச்சுக்கங்க. நாளைக்கு நரின் போறேன், வர எட்டு நாள் ஆகும். வந்து முதல்ல இருந்து ஆரம்பிக்கலாம்."

எட்டு நாள் போனால் புத்தகம் அச்சுக்குப் போகாது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

"என்ன தெரியல?" என்று எஜே கேட்டார்.

"திரையில ஒண்ணுமே தெரியல."

"எனக்கு என்னிக்குத் தெரிஞ்சுது? உள்ள அது ஓடிட்டிருக்கா, நின்னு போச்சா? அதை மட்டும் சொல்லு."

ஜன்னலுக்குக் கீழே டிஸ்க் படம் ஒன்று சின்னதாக இருந்தது. உள்ளே வேலை நடக்கும்போது அது மினுக்கும். அது மினுக்கிக்கொண்டிருந்தது.

"ஓடுது," என்றேன்.

"அப்ப நாற்காலியைத் தள்ளு."

அந்தப் பழைய பெட்டியில் சவுண்ட் கார்டு ஆடிக்கொண்டேயிருக்கும். துடைக்கிற அம்மாளின் துடைப்பம் இடித்தால்கூடப் பேச்சு நின்றுவிடும். எர்மெக் இருந்தபோது தொலைபேசியில் ஒவ்வொரு விசையாகச் சொல்லி, எஜேயே டிரைவரை மறுபடி போடப் பழக்கியிருந்தார். அவர் போன பிறகும் எஜே தனியாக எத்தனையோ தடவை போட்டிருக்கிறார். குரல் நின்றுபோன கம்ப்யூட்டரில், காதுக்கு எதுவும் வராமல், விசையை மட்டும் எண்ணி. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்திருந்த எனக்கு இது அன்றுவரை தெரியாது.

விரல்களை ஒருமுறை நீவிக்கொண்டார். "புது உறுப்பு கிடைச்சிருக்குன்னு ஒரு பெட்டி தானா வந்து நிக்கும். இப்ப அது வந்திருக்கும்." என்ட்டர். "மினுக்குதா?"

"லேசா."

என்ட்டர். டேப். டேப். ஸ்பேஸ். "இப்ப சிடியில தேடுன்னு சொல்லியிருக்கேன்." என்ட்டர். "இப்ப?"

"வேகமா மினுக்குது."

"தேடுது. விடு."

நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கறுப்பு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இல்லை, நானும் உலானும் பார்த்துக்கொண்டிருந்தோம். எஜே முகத்தைச் சாய்த்து, அடுப்பில் பால் பொங்குவதற்குக் காத்திருப்பவர்போல உட்கார்ந்திருந்தார். மினுக்கல் நின்றது. என்ட்டர். என்ட்டர். மறுபடி மினுக்கல். நின்றது. "இப்ப மறுபடி ஆரம்பிக்கவான்னு கேக்கும். ஆமா." என்ட்டர்.

ஒன்றும் நடக்கவில்லை.

உலான் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எஜே எண்ணிக்கொண்டிருந்தார், உதடு அசைந்தது. "ஒரு டேப் கூடப் போச்சு. திரும்ப வரேன்," என்றார். எஸ்கேப்பை நாலு தடவை தட்டினார். உலானிடம் மறுபடி தொடங்கச் சொன்னார். முதலிலிருந்து அதே விசைகளை, இந்தத் தடவை மெதுவாக, ஒன்றுக்கொன்று மூச்சுவிட இடம் கொடுத்துத் தட்டினார். கடைசி என்ட்டருக்குப் பிறகு மினுக்கல் முழுசாக அணைந்து, மறுபடி பற்றிக்கொண்டது.

முதலில் விண்டோஸ் 98 தொடங்கும்போது வருமே, அந்த இசை வந்தது. உலான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். பிறகு ஒரு நொடி அமைதி. பிறகு கறுப்பு ஜன்னலுக்குள்ளிருந்து மூக்கடைத்த குரலில் நான், "தயார்," என்றேன்.

எஜே விசைப்பலகையின் மேல் கையைப் பரப்பி வைத்துக்கொண்டார். கண்ணீர் வந்ததா என்று கேட்காதீர்கள், நான் என் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் பேசியபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "உலான், அந்தத் திரையை அப்படியே விட்டுடு. சரி பண்றேன்னு எதையும் தொடாதே. எனக்கு இது போதும்."

அப்படித்தான் விட்டோம். அடுத்த ஐந்து வாரம் எஜே கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து இருநூற்றுப் பத்துப் பக்கத்தையும் கேட்டுத் திருத்தினார். நடுவில் ஒரு நாள் நூலக இயக்குநர் எட்டிப் பார்த்து, கம்ப்யூட்டரை அணைத்துவைத்துவிட்டு யாரோடு பேசுகிறார் என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டுவிட்டுப் போனார். புத்தகம் ஆகஸ்ட் நாலாம் தேதி அச்சுக்குப் போனது, நாலு நாள் தாமதம். பிள்ளைகளுக்குச் செப்டம்பர் கடைசியில்தான் கிடைத்தது. அதில் இரண்டு பிழை இருப்பதாக தெற்கே ஓஷ் நகரத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதினார். எஜே அந்தக் கடிதத்தை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, இரண்டும் தன் பிழைதான் என்று ஒப்புக்கொண்டு, மூன்று நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

உலான் நரினிலிருந்து வந்ததும் அந்தப் பாவனைக் கம்ப்யூட்டரைப் பென்டிரைவில் நகலெடுத்தார். செய்தி பரவி, ஒவ்வொரு ஊரிலிருந்தும் பார்வையில்லாதவர்கள் ஆளனுப்பி வாங்கிப் போனார்கள். புதிதாகப் போடும் இடத்தில் எல்லாம் எங்காவது சிக்கிக்கொள்ளும், உலானைக் கூப்பிடுவார்கள், உலான் எஜேயைக் கூப்பிடுவார். ஒருநாள் சலித்துப்போய், "எஜே, அந்த விசை வரிசையெல்லாம் எனக்கு எழுதிக் குடுத்துடுங்க," என்றார்.

எஜே எழுதிக் கொடுத்தார். பதினொரு தாள், இரண்டு பக்கமும். எல்லாம் புள்ளி எழுத்தில்.

உலான் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். "இதை நான் எப்படிப் படிக்கறது?"

"ஆறு புள்ளிதான். உன் விண்டோஸைவிடச் சுலபம்."

அந்தக் குளிர்காலம் முழுக்க வெள்ளிக்கிழமைகளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உலான் எஜேயின் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோலப் புள்ளி எழுத்தைக் கூட்டிப் படித்தார். விரலால் வரவில்லை, கண்ணால்தான். இப்போது நாலு ஊரில் பார்வையற்றோர் பள்ளிகளின் கம்ப்யூட்டர்களை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். போன வாரம் தலாஸிலிருந்து எஜேக்கு அவர் கடிதம் போட்டிருந்தார், புள்ளி எழுத்தில், தானே குத்தி எழுதியது. எஜே அதை விரலால் படித்துக்கொண்டே என் அறை வாசலுக்கு வந்தார்.

"கையெழுத்து மோசம்," என்றார். முகம் மலர்ந்திருந்தது. "ஆனா முழுசா ஒரு பக்கம் எழுதியிருக்கான்."